சக்கரம் கொடுத்தவள்

குழாய்க்காரர் நீட்டிய கையை அவள் கணவன் கவனிக்கவே இல்லை. பந்தயம் தொடங்குகிற இடத்தில், பூட்டிக் கிடந்த துணிக்கடையின் வாசலில், எல்லோரும் சைக்கிளைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு குளிர் தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்காரர் பக்கவாட்டில் வந்து நின்று, கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். எவ்வளவு குளிராக இருந்தாலும் வெறுங்கையோடுதான் கை குலுக்குவார் மனிதர். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கணவன் நேராகத் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிரைவர் பெரிய ஆளாயிட்டாரு. கை குடுத்தாகூட கண்டுக்க மாட்டேங்குறாரு" என்றார் குழாய்க்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அட, நீங்க வேற. குளிர்ல மரக்கட்டையாட்டம் நிக்கிறாருண்ணே" என்று அவள் முந்திக்கொண்டு அந்தக் கையைத் தானே பிடித்துக் குலுக்கினாள். கணவன் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான். அப்போதுதான் அவனுக்குக் குழாய்க்காரர் தெரிந்தார். "ஏண்ணே, எப்ப வந்தீங்க?" என்று தோளில் தட்டினான்.

இப்படி முந்திக்கொள்வதே சமீப காலமாக அவளுக்கு இன்னொரு உத்தியோகமாகிவிட்டது. முதல் உத்தியோகம் ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, கொதிக்கிற உருளைகளுக்குள் சுருக்கம் விழாமல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். அங்கே கூலியாவது கிடைக்கும், வாரம் ஒரு நாள் விடுமுறையாவது உண்டு. இந்த இரண்டாவது வேலைக்கு இரண்டுமே கிடையாது. கடைத்தெருவில் அவன் யார்மேலாவது இடித்துவிட்டால் "என்கூடப் பேசிக்கிட்டே வந்தாரு, மன்னிச்சுக்கங்க" என்பாள். யார் வீட்டுக்காவது போனால் அவன் முழங்கையருகே வைத்த டம்ளரைச் சத்தமில்லாமல் நேர் எதிரே நகர்த்தி வைப்பாள். படிக்கட்டு வந்தால் அதைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள், "யப்பா, எத்தனை படி!" என்கிற மாதிரி. யாருக்கும் சந்தேகம் வராதபடி செய்வதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

கண் டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. ஒரு காகிதத்தைக் குழல் மாதிரிச் சுருட்டி அவள் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னார். "இப்படித்தாம்மா அவருக்குத் தெரியுது. போகப் போக இந்த ஓட்டை இன்னும் சின்னதாகும். வெளிச்சம் கம்மியா இருந்தா இதுவும் இல்லை. வண்டி ஓட்டறதை இன்னைக்கே நிறுத்திடணும்." இந்த நோயின் கெட்ட புத்தி என்னவென்றால், நேர்ப்பார்வையை அது தொடுவதே இல்லை. வேலை செய்கிற இடத்தில் வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் அட்டையின் கடைசி வரியைக்கூட அவன் கடகடவென்று படித்துவிடுவான். அங்கே அவனுக்குக் கழுகுக்கண்ணன் என்றே பெயர். சுற்றிலும்தான் ஒன்றுமில்லை. இருட்டாகத் தெரிந்தாலாவது இன்னது தெரியவில்லை என்று புரியும். இருட்டுகூட இல்லை என்பதால் எதுவும் தொலைந்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை. மனிதர்களும் நாற்காலிகளும் அவனைப் பயமுறுத்துவதற்கென்றே எங்கிருந்தோ திடீரென்று முளைப்பதாக நினைத்துக்கொண்டு எரிச்சல்பட்டான்.

அவன் ஓட்டுவது ஸ்கூல் பஸ்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். அவன் முதலில் டாக்டரைத் திட்டினான், பிறகு அவளைத் திட்டினான், பிறகு குளிர்காலம் முடியட்டும் என்றான், பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடட்டும் என்றான். அவன் அந்த வேலையை எப்படிச் செய்தான் என்பது அவளுக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், எந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து கடைசி இருக்கையில் பதுங்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஏறும்போது ஒவ்வொருவரையும் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவான். பிள்ளைகள் அதற்காகவே காத்திருக்கும். குழந்தை இல்லாத வீட்டிலிருந்து தினமும் ஒரு பஸ் நிறையக் குழந்தைகளிடம் போகிறவன். அதை அவனிடமிருந்து பிடுங்க வேண்டியவள் அவள்தான் என்று விதி எழுதியிருந்தால், அந்த விதியை என்னவென்று சொல்வது.

போன வாரம் ஒரு நாள் அவள் பொறுமை விட்டுப்போனது. சமையலறையில் அவள் குனிந்து பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெந்நீர்ச் சட்டியோடு திரும்பியவன் அவள் இருப்பதே தெரியாமல் வந்து மோதினான். முதுகெல்லாம் வெந்நீர். வலியைவிட அவன் முகத்தில் இருந்த ஆச்சரியம்தான் அவளை உலுக்கியது.

"நாளைக்கே பஸ் ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்" என்றாள்.

 அவன் துணியை நனைத்து நனைத்து அவள் முதுகில் வைத்தான். பிறகு சொன்னான்: "ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்குல்ல. தனியா ஓட்டறேன். நீ எனக்கு முன்னாடி வரக் கூடாது. நான் விழுந்தாலோ யாரையாவது இடிச்சாலோ நானே போய் சாவியைக் குடுத்துடறேன். நல்லபடியா முடிச்சுட்டேன்னா, பள்ளிக்கூடம் மூடற வரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள், அல்லது சட்டியாலேயே ஒன்று போட்டிருப்பாள். அவள் சரி என்றாள். சைக்கிள்காரர்களுக்கே உரிய கோளாறு இது. எந்த வழக்கையும் சக்கரம் தீர்த்துவைக்கும் என்று உள்ளூர நம்புகிறவர்கள். அவர்களுடைய கல்யாணப் பேச்சே ஒரு ஏற்றத்தில் யார் முதலில் உச்சிக்குப் போவது என்பதில்தான் முடிவானது. அதுவும் தவிர, அவன் தோற்பான் என்பதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகமில்லை.

பந்தயம் என்றால் கோப்பையும் கொடியும் இருக்கிற பந்தயம் இல்லை. குளிர்காலம் முழுக்க, மாதக் கடைசி ஞாயிறு அன்று, ஊர் கண் விழிக்கும் முன்னால் தெருக்களில் வேகமாக மூன்று சுற்றுச் சுற்றி வருவார்கள். துணிக்கடையிலிருந்து ரயில்வே மதிலோரமாகப் போய், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் வந்து, சந்தைத் தெரு வழியாகத் திரும்பவும் துணிக்கடை. நல்ல கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய நேரத்தில், மெல்லிசு உடுப்பைப் போட்டுக்கொண்டு, யாரும் துரத்தாமலே ஓடுகிற கூட்டம். ஜெயித்தவருக்கு அன்றைக்கு எல்லோரும் காபி வாங்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காபிக்காக மனிதர்கள் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்தால் ஏதோ ராஜ்யத்துக்குச் சண்டை என்று தோன்றும்.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்காற்றில் ஒருவர் பின்தங்கினால், கூட வந்தவர் அவருக்கு முன்னால் போய், தன் பின்சக்கரத்தை அவருடைய முன்சக்கரத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து, காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு இழுத்துப் போவார். சக்கரம் கொடுப்பது என்பார்கள். பின்னால் வருகிறவர் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் இருக்கிற சக்கரம் போகிற இடத்துக்குப் போனால் போதும். இரண்டு குளிர்காலமாக அவள் அவனுக்குச் சக்கரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்றுக்காக என்று ஊர் நினைத்தது. டிரைவரம்மா புருஷனுக்கு வழி காட்டுகிறாள் என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்களுக்குத் தாங்கள் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரியாது.

பல் டாக்டரம்மா விசிலை வாயில் வைத்தாள். சைக்கிளில் ஏறுவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று ஆனபிறகு விசில் ஊதுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். மூடுபனி தெருவிளக்குகள்வரை இறங்கியிருந்தது. தார் ரோட்டில் நிழல் விழுகிற இடங்களில் தண்ணீர் உறைந்து கண்ணாடித் தாள் ஒட்டியது மாதிரி இருந்தது. கணவன் குனிந்து அவள் காதருகே, "பின்னாடியே வா. வேடிக்கை பாத்துட்டு வா" என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. விசில் ஒலித்தது.

முதல் சுற்று ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லோரும் நெருக்கமாகப் போனார்கள், அவனும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனான். முன்னால் எப்போதும் ஏதாவது ஒரு சக்கரம் இருந்தது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் மிதித்தாள். நல்ல முதுகு அது. இத்தனை வயதுக்கும் பெடலில் இடுப்பு ஆடாமல் ஓட்டுகிறவன். ஒரு கணம், டாக்டர்தான் தப்போ என்றுகூட நினைத்தாள்.

இரண்டாவது சுற்றில் கூட்டம் நீண்டுவிட்டது. குழாய்க்காரரும் இன்னும் சிலரும் ரயில்வே மதிலோரத்தில் வேகத்தைக் கூட்டினார்கள். மற்றவர்கள் பின்னால் தங்கினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அவன் தனியாக மாட்டிக்கொண்டான். கால்வாய்ப் பாலத்துக்கு ஏறுகிற வளைவில் மூடுபனி இன்னும் கெட்டியாக இருந்தது. அவனுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு சக்கரமும் இல்லை. அவள் அவனுடைய தலையைப் பார்த்தாள். அது இடமும் வலமும் திரும்பித் திரும்பித் தேடியது, திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை தேடுகிற மாதிரி. வலப்பக்கம் கால்வாயின் கைப்பிடிச் சுவர். முழங்கால் உயரம்கூட இல்லாத சுவர். அதற்குக் கீழே, பாலத்துக்கு அடியில், தண்ணீர் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

விழட்டும் என்று அவள் நினைத்தாள். இங்கே வேண்டாம், சுவரைத் தாண்டியதும் விழட்டும். முழங்கால் சிராய்த்துக்கொள்ளட்டும், மணிக்கட்டு பிசகட்டும், எல்லாவற்றுக்கும் இன்றைக்கே ஒரு முடிவு வந்துவிடும். கட்டின புருஷன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பின்னால் போகிற பெண்டாட்டி உலகத்தில் தான் ஒருத்திதான் இருப்பாள் என்று தோன்றியது. அவனுடைய முன்சக்கரம் சுவர்ப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அவனுக்குத் தெரியவில்லை. ரோடு வளைகிறது, அவன் நேராகப் போய்க்கொண்டிருக்கிறான். "இடது!" என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

கால் அவளைக் கேட்கவில்லை. எழுந்து நின்று மிதித்து, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்து, முன்னால் வந்து, தன் பின்சக்கரத்தை அவன் முன்னால் வைத்தாள். சாய்ந்துகொண்டிருந்த சக்கரம் நிமிர்ந்தது. பாலம் முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டாள். பாலம் முடிந்ததும் ஆஸ்பத்திரித் திருப்பம்வரைக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பின்னால் அவன் மூச்சு சீராக வந்தது. அந்த மூச்சு தன் முதுகோடு ஒட்டி வருவது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது யாரிடம் சொன்னாலும் செருப்பால் அடிப்பார்கள்.

அப்படியே மூன்றாவது சுற்றும் ஓடியது. அவள் காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கி இழுத்து, முன்னால் போன கூட்டத்தையே எட்டிப் பிடித்துவிட்டாள். ஏன் அவ்வளவு வேகம் என்று அவளுக்கே தெரியாது. சந்தைத் தெருவின் கடைசித் திருப்பத்தில் இடது பக்கம் உறைந்த தண்ணீர் தெரிந்ததும், எப்போதும் செய்கிற மாதிரி, இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வலப்பக்கம் காட்டினாள். அவன் கேள்வி கேட்காமல் வலப்பக்கம் ஒடித்தான். குழாய்க்காரர் அவன் வலது தோளுக்கு நேராக, ஒரு முழ தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

முதலில் இரும்புச் சத்தம். பிறகு மூடியிருந்த கடையின் தகரக் கதவில் ஒரு உடம்பு போய் மோதுகிற சத்தம். அவள் தலையைக் குனிந்து தன் அக்குளுக்கடி வழியாகப் பின்னால் பார்த்தாள். குழாய்க்காரர் கதவடியில் சுருண்டு கிடந்தார், அவருடைய சைக்கிள் சக்கரம் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கணவன் முகத்தில் இடித்ததற்கான அதிர்ச்சி எதுவும் இல்லை. கண்கள் அவளுடைய சக்கரத்திலேயே இருந்தன, உதட்டில் சின்னதாக ஒரு சந்தோஷம். அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஓரம் கட்டினாள். அங்கிருந்து ரோடு நூல் பிடித்த மாதிரி நேர், கோடியில் துணிக்கடையின் மஞ்சள் விளக்கு. அவன் அவளைத் தாண்டி, தனியாக, அந்த விளக்கைப் பார்த்து நேராகப் போனான். பல் டாக்டரம்மாவின் விசிலும் கைதட்டலும் கேட்டன.

"ஐஸ்ல வழுக்கிடுச்சு" என்றார் குழாய்க்காரர், அவள் பக்கத்தில் மண்டியிட்டதும். முகம் சாம்பலாக இருந்தது. தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில் கூரை முகடு மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. "ஐஸ்தான், இல்ல?"

அவள் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கையைத் தூக்கிக் கட்டினாள். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தபோது, அவள் கணவன் காபி வாங்கிக்கொண்டு வந்தான். ஜெயித்தவன் வாங்கிக்கொடுப்பது முறையில்லை என்று குழாய்க்காரர் கேலி செய்தார். உண்மையில் அவன் ஜெயிக்கவில்லை, நான்கைந்து பேருக்குப் பின்னால்தான் வந்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவ்வளவு முன்னால் வந்ததில்லை. அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "பாத்து ஓட்டியிருக்கலாம்ல அண்ணே" என்றான் உண்மையான வருத்தத்தோடு. அவளுக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. பாப்பாவை நினைச்சாத்தான்" என்றார் குழாய்க்காரர். "அவ அம்மாவுக்குக் காலை ஷிப்ட். தினமும் நான்தான் கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி உன் பஸ்ல ஏத்துவேன்."

"அதுக்கென்ன? ரோட்டைத் தாண்டவே வேணாம். நானே உங்க வீட்டுப் பக்கமா வந்து நிறுத்தறேன்."

"உன்னை நம்பித்தான் விடறேன்" என்றார் குழாய்க்காரர்.

"நான் வந்து ஏத்திவிடறேண்ணே" என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவன் சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தான். சங்கிலியில் எண்ணெய் விட்டு, பழைய பனியனால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தான். அந்த வேலைக்கு நேர்ப்பார்வை போதும். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குழாய்க்காரரை நீங்கதான் இடிச்சீங்க."

"ஐஸ்ல வழுக்கினேன்னு அவரே சொன்னாரு."

"நான் பாத்தேங்க. உங்க ஹேண்டில்பாரு அவர் கையில பட்டுச்சு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை."

துடைக்கிற கை நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தது. "அப்ப நீ பின்னாடி இல்லையா? பின்னாடி வர்றதாத்தானே பேச்சு?"

"சுவத்துல மோதப் போனீங்க. அதான் முன்னாடி வந்தேன். என் சக்கரம்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் பனியனைக் கீழே வைத்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவள் கண்ணிமையில் எத்தனை முடி இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவான்.

"தெரியும். உன் சக்கரம் எனக்குத் தெரியாம போகுமா? தெரிஞ்சுதான் வந்தேன்" என்றான். "விழட்டும்னு நீ விட்டிருக்கலாமே. ஏன் விடலை?"

அவள் கீழே கிடந்த பனியனை எடுத்து மடித்தாள்.  அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பஸ்ஸை விட்டுட்டு நான் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன், சொல்லு. நீ காலையில சலவைக்குப் போயிடுவே. நான் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அந்த ஓட்டை மூடற வரைக்கும் அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு." அவன் அழுதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேசினது பேசினதுதான். நான் விழலை. யாரும் என்னைக் குத்தம் சொல்லலை. பள்ளிக்கூடம் மூடட்டும்" என்றான். சின்னப் பையன் மாதிரிப் பிடிவாதம். வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

திங்கட்கிழமை அவன் எப்போதும்போலக் கிளம்பினான். முகச்சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, சாவியைச் சுண்டிப் பிடித்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு அவள் பஸ் ஆபீஸ் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு தரம் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவரிடம், அவன் இல்லாத இடத்தில், அவனைப் பற்றிச் சொல்வதற்கு நாக்கு எழவில்லை. சொல்வதானால் அவன் பார்க்கச் சொல்ல வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு குழாய்க்காரர் வீட்டுக்குப் போனாள்.

பாப்பா தலையோடு சேர்த்துக் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, முதுகில் பையோடு வாசலில் தயாராக நின்றது. கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. அவள் கையைப் பிடித்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டது. "அப்பாவுக்குக் கை எப்ப சரியாகும்? அப்பாவுக்கு நான்தான் சாப்பாடு ஊட்டினேன். டிரைவர் மாமா நேத்து சூப்பரா ஓட்டினாராமே? அப்பா சொன்னாரு."

"ம்" என்றாள் அவள்.

நேற்றைவிட மூடுபனி அதிகம். எதிர்வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. பஸ்ஸின் சத்தம் முதலில் வந்தது, பிறகு மஞ்சளாக இரண்டு விளக்குகள். சொன்னபடியே அவன் குழாய்க்காரர் வீட்டுப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தான். முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கி, குலுங்கி நின்றது. உள்ளே பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். டிரைவர் மாமா வேண்டுமென்றே விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். கதவு மடிந்து திறந்தது. உள்ளிருந்து கதகதப்பான காற்றும் ஈரக் கம்பளி வாசனையும் வந்தன.

"ஏறு ஏறு, குண்டு மிளகாய்!" என்றான் அவன். கை ஸ்டியரிங்கில் இருந்தது. தலையைத் திருப்பிப் படிக்கட்டுக்குக் கீழே பாப்பாவின் முகத்தைக் கண்டுபிடித்துச் சிரித்தான். அவள் அந்தப் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கதவை ஒட்டி, எட்டினால் அவன் சட்டையைத் தொட்டுவிடுகிற தூரத்தில் நின்றிருந்தாள்.

"தனியாவா நிக்கிறே? ஆன்ட்டி வரலையா உன்னை ஏத்திவிட?" என்று கேட்டான்.

பாப்பா அவனைப் பார்த்தது. திரும்பி அவளை அண்ணாந்து பார்த்தது. இது ஏதோ விளையாட்டு என்று தோன்றியிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தது.

அவள் அந்தக் கையை விடவில்லை. மெதுவாகப் பின்னால் இழுத்து, பாப்பாவை வீட்டு மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். "இங்கயே நில்லு கண்ணு. நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றாள். பிறகு பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இரும்புத் தகட்டில் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். உள்ளே எஞ்சின் அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. நட்டநடுவில் வந்ததும் திரும்பி, இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், அவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

ஹாரன் அடித்தது. ஒரு தரம், பிறகு நீளமாக இன்னொரு தரம். பிறகு நின்றுவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் முன்னால் குனிந்து வந்தது. பிள்ளைகள் என்ன விஷயம் என்று பார்க்க ஒவ்வொன்றாக எழுந்து முன்னால் வந்தார்கள். அவன் தோள்மேல் எட்டி, இடுக்கில் நுழைந்து, ஆவி படிந்த கண்ணாடியைச் சின்னச் சின்ன உள்ளங்கைகளால் வட்டம் வட்டமாகத் துடைத்து, துடைத்த வட்டங்களுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார்கள். நடுவில் அவன் மட்டும் எதையும் துடைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சூடு அவள் வயிற்றில் பட்டது.